கப்பலோட்டிய சிதம்பரனார்

தமிழ்நாட்டின் தென்பகுதியில், மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த துறைமுக நகரம் தூத்துக்குடி. கடலுக்கு அப்பால் இருப்பது இலங்கை. நூறாண்டுகளுக்கு முன்னர், திருநெல்வேலிச் சீமையின் விளைபொருள்கள் இத்துறைமுகத்தின் வழியாகவே கடல் கடந்தன. இலங்கைக்குப் பிழைக்கச் சென்ற மக்களும் இங்கிருந்தே கப்பல் ஏறினர். ஆனால், அக்கப்பல்கள் ஆங்கிலேய நிறுவனம் ஒன்றுக்கு உரியவை. கட்டணத்தை அந்நிறுவனமே முடிவு செய்தது. பொருளும் உழைப்பும் நம்மவருடையவை. இலாபமோ அயலாரைச் சேர்ந்தது. இந்நிலையை மாற்ற முனைந்தவர் வ. உ. சிதம்பரனார்.

இவர் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாதர், தாயார் பரமாயி அம்மையார். தந்தையாரைப் போலவே இவரும் வழக்கறிஞரானார். ஏழைகளுக்காகக் கட்டணம் பெறாமலும் வாதாடினார். சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியபோது, பேச்சோடு நில்லாமல் நெசவுச்சாலையும் பண்டகசாலையும் நிறுவத் துணைநின்றார்.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அதன் முதல் 10 இலட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாக அது பிரிக்கப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கினார். சிதம்பரனார் உதவிச் செயலாளராகப் பொறுப்பேற்றார்.

நிறுவனத்திற்குத் தொடக்கத்தில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் நிறுவனம் ஒன்றிடமிருந்து வாடகைக்குப் பெற்ற கப்பல்களே ஓடின. எதிர்த்தரப்பின் நெருக்குதலால் அவ்வாடகைக் கப்பல்களும் நின்றன. சொந்தக் கப்பல் இன்றித் தொழில் நிலைக்காது என்பதைச் சிதம்பரனார் உணர்ந்தார். உடனே பம்பாய்க்குப் புறப்பட்டார். இன்று நாம் மும்பை என அழைக்கும் நகரமே அது. அவ்வேளையில் வீட்டில் மகன் நோயுற்றிருந்தான்; மனைவியார் கருவுற்றிருந்தார். கப்பலுடன் அன்றித் திரும்புவதில்லை என அவர் உறுதி பூண்டதாகக் கூறுவர். அவர் முயற்சி வீண்போகவில்லை. 1907ஆம் ஆண்டில் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் நிறுவனத்திற்குச் சொந்தமாயின. தூத்துக்குடி மக்கள் கடற்கரையில் திரண்டு மகிழ்ந்தனர்.

போட்டி கடுமையாயிற்று. ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. சுதேசி நிறுவனமும் குறைத்தது. பின்னர், எதிர்த்தரப்பு கட்டணமே இன்றிப் பயணிகளை ஏற்றிக் குடையும் இலவசமாக வழங்கியது. பெரும்பொருள் படைத்தோர் நெடுநாள் நட்டத்தைத் தாங்குவர். சிறு பங்குகளால் எழுந்த நிறுவனம் எத்தனை நாள் தாங்கும்?

தம் நிறுவனம் இடருற்ற அந்நாளிலும், சிதம்பரனார் பிறர் துயரைக் கண்டு ஒதுங்கவில்லை. 1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சுப்பிரமணிய சிவாவுடன் சேர்ந்து அவர் தொழிலாளருக்குத் துணைநின்றார். ஊதிய உயர்வு கிடைத்தது. ஆனால், மார்ச் 12ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர்.

வழக்கு மன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் வாடினார். மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுத்தார். அவர் சிறையில் இருந்தபோதே கப்பல் நிறுவனம் மூடப்பட்டது. 'காலியா' கப்பல் போட்டி நிறுவனத்திற்கே விற்கப்பட்டது. செக்கிழுத்த துன்பத்தினும் இச்செய்தி அவருக்குப் பெருந்துன்பமாயிற்று.

1912ஆம் ஆண்டு இறுதியில் விடுதலையானபோது அவரை வரவேற்கக் கூட்டம் இல்லை. சுப்பிரமணிய சிவாவும் சிலருமே காத்திருந்தனர். வழக்கறிஞர் உரிமம் பறிபோனதால் வறுமை சூழ்ந்தது. சிறு கடை வைத்தும் குடும்பத்தைக் காக்க முயன்றார். பின்னர், வாலேசு என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமம் மீண்டது. அந்நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்தாரே அன்றி, ஆங்கிலேயரை அவர் வெறுத்தாரல்லர். இடர்களுக்கு நடுவிலும் மெய்யறம் முதலிய நூல்களை எழுதினார். தொல்காப்பிய உரையையும் பதிப்பித்தார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார்.

கப்பல்கள் கைவிட்டுப் போயின. ஆயினும், எளிய மக்கள் ஒன்றுகூடினால் கடல் வணிகத்தையும் நடத்த இயலும் என்பதை அவர் காட்டிச் சென்றார். இன்று தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

சிந்தித்து விடையளிக்க:
1. சிதம்பரனார் பம்பாய்க்கு வந்தது ஏன்?
2. சுதேசிக் கப்பல் நிறுவனம் போட்டியில் தளர்ந்தமைக்குக் காரணம் யாது?
3. மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டது அவருடைய எப்பண்பைக் காட்டுகிறது?