ஒஷகானில் துயிலும் எழுத்தாசான்

ஆர்மீனியத் தலைநகர் யெரெவானுக்கு வடமேற்கே ஒஷகான் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்த் தேவாலயத்திற்கு வருவோர் பீடத்தின் முன் வணங்கிய பின், அதன் கீழமைந்த நிலவறைக்குள் இறங்குகின்றனர். அங்குள்ள கல்லறையில் துயில்பவர், தம் மொழிக்கு எழுத்து அமைத்துத் தந்த துறவியாகிய மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ்.

நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாரோன் நாட்டில் பிறந்த இவர், இளமையிலேயே கிரேக்கம் பயின்று அரசவை எழுத்துப் பணியில் அமர்ந்தார். படைத்துறையிலும் தேர்ச்சி உண்டு. பின்னர் அனைத்தையும் துறந்து துறவு பூண்டார். அக்காலத்தே ஆர்மீனியா இரு பேரரசுகளுக்கிடையே துண்டாடப்பட்டுக் கிடந்தது. 387-ஆம் ஆண்டளவில் உரோமரும் பாரசீகரும் அதனைப் பங்கிட்டுக் கொண்டனர். நாடு கிறித்தவத்தைத் தழுவி ஏறத்தாழ நூறாண்டுகள் கடந்திருந்தும் தேவாலயங்களில் மறைநூல் கிரேக்கத்திலும் சிரியாக்கிலுமே ஓதப்பட்டது. கேட்ட குடியானவர்க்கு ஒன்றும் விளங்கவில்லை. கோக்த்ன் பகுதியில் சமயப் பணி ஆற்றியபோது இக்குறையை மெஸ்ரோப் நேரிற் கண்டு வருந்தினார்.

தலைமைக் குரு சஹாக்கும் மன்னர் வ்ராம்ஷபூவும் அவருக்குத் துணைநின்றனர். சிரிய ஆயர் தானியேலிடம் ஓர் எழுத்து வரிசை இருப்பதறிந்து, மன்னர் ஆளனுப்பி அதனை வரவழைத்தார். சிறார்க்கு அதனைக் கற்பித்தும் பார்த்தனர். ஆர்மீனிய ஒலிகள் அனைத்தையும் அவ்வெழுத்துகள் தாங்கவில்லை. இரவல் எழுத்தின் இயல்பு அதுதானே! பயன்படாதென உணர்ந்ததும் தயங்காது கைவிட்டமையே மெஸ்ரோப்பின் புலமைக்குத் தக்க சான்று எனலாம். மாணவர் குழுவுடன் எடெஸ்ஸாவிற்கும் சமோசாட்டாவிற்கும் சென்று, ஒலிகளை ஆராய்ந்து, ஏறத்தாழ 405-ஆம் ஆண்டில் 36 எழுத்துகளை வகுத்தார். ருஃபீனஸ் என்னும் கிரேக்க எழுத்துக்கலைஞர் அவற்றின் வடிவங்களைச் செம்மை செய்ய உதவினார். முதன்முதல் மொழிபெயர்க்கப்பட்டது விவிலியத்தின் நீதிமொழிகள் நூலே. எழுத்துகளோடு திரும்பியவரை மன்னரும் மக்களும் நகர்ப்புறத்து ஆற்றங்கரைக்கே வந்து எதிர்கொண்டனர் என்பது அவர்தம் வரலாற்றை எழுதிய மாணவர் கோரியுன் தரும் செய்தி.

பின்னர்ப் பள்ளிகள் எழுந்தன, மொழிபெயர்ப்புகள் பெருகின. ஆனால் 428-இல் அரசமரபே வீழ்ந்தது. சஹாக் மறைந்த சில திங்களில், 440-இல் மெஸ்ரோப்பும் மறைந்தார். வாஹான் அமதூனி என்னும் குறுநிலத் தலைவர் அவருடலை ஒஷகானுக்குக் கொணர்ந்து அடக்கம் செய்து, 443-இல் அதன்மேல் தேவாலயம் எழுப்பினார். இன்று காணப்படும் கட்டடம் 1870-களில் புதுக்கப்பட்டது; சுவர்கள் மாறினும் கல்லறையின் இடம் மாறவில்லை.

இடைக்காலத்தில் இரண்டு எழுத்துகள் சேர்ந்தன. ஏனையவை அவர் வகுத்தவையே. உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' அவ்வெழுத்துகளில் 1794-இல் அச்சேறியது நம் சென்னையில்தான் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். ஆண்டுதோறும் அக்டோபரில் ஆர்மீனியத் திருச்சபை மொழிபெயர்ப்பாளர் திருநாளைக் கொண்டாடுகிறது. அந்நாளில் ஒஷகானின் நிலவறைப் படிகளில் மக்கள் வரிசையாய் இறங்குகின்றனர்.