ஒலிக்கு இடம் வகுத்தவர்: தானியில் எல்கோனினின் வாழ்வும் எழுத்தறிவுப் பணியும்

சோவியத் உளவியலாளர் தானியில் பொரீசவிச் எல்கோனின் 1904ஆம் ஆண்டு உக்ரைனின் பொல்தாவாப் பகுதியில் பிறந்தார். லெனின்கிராடு கெர்ட்சன் கல்வியியல் நிறுவனத்தில் பயின்ற அவர், 1930களின் தொடக்கத்தில் லெவ் விகோத்ஸ்கியுடன் இணைந்து குழந்தை விளையாட்டினை ஆராய்ந்தார். 1934இல் விகோத்ஸ்கி மறைந்தார். 1936இல் பொதுவுடைமைக் கட்சியின் மையக்குழு குழந்தையியல் என்னும் துறையையே தடைசெய்தது. பதவியிழந்த எல்கோனின் லெனின்கிராடுப் பள்ளியொன்றில் தொடக்க வகுப்பு ஆசிரியரானார். வடபுலப் பழங்குடி மக்களின் பள்ளிகளுக்கு உருசிய மொழிப் பாடநூல்களும் எழுதினார். அவருடைய பிற்கால ஆய்வினை இவ்வகுப்பறைப் பட்டறிவிலிருந்து பிரித்துக் காண இயலாது.

1941இல் அவர் தன்விருப்பப் படைவீரராகப் போருக்குச் சென்றார். போர்க்காலத்தில் மனைவியும் மகள்களும் காக்கேசியப் பகுதியில் உயிரிழந்தனர். 1953இல் மாஸ்கோவின் உளவியல் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்த பின்னரே வாசிப்பின் தொடக்கநிலை பற்றிய அவரது ஆய்வு முழுமை பெற்றது.

உருசியாவில் ஒலிவழிக் கற்பித்தலை 19ஆம் நூற்றாண்டிலேயே உஷீன்ஸ்கி வலியுறுத்தியிருந்தார். எனினும் தோன்றிய கணமே மறையும் ஒலியைக் குழந்தை எவ்வாறு பற்றிக்கொள்ளும் என்னும் சிக்கல் எஞ்சி நின்றது. சொல்லைக் கேட்கும் குழந்தையின் கவனம் பொருளின்மேல் செல்கிறதேயன்றி ஒலியின்மேல் செல்வதில்லை. எல்கோனின் ஒலிக்குக் கண்ணால் காணத்தக்க இடமொன்றை வகுத்தார். படத்தின் கீழே, சொல்லிலுள்ள ஒலிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டங்கள் வரையப்பட்டன. கசகசாச் செடியைக் குறிக்கும் ‘மாக்’ என்னும் உருசியச் சொல்லுக்கு மூன்று கட்டங்கள். குழந்தை ஒவ்வோர் ஒலியையும் அழுத்தி உச்சரித்து, முதற்கட்டத்தில் ம், இடைக்கட்டத்தில் ஆ, இறுதிக்கட்டத்தில் க் என வில்லைகளை வைக்கும். பின்னர் உயிரும் மெய்யும் வெவ்வேறு வண்ணம் பெறும். அதன்பின் வில்லையின்றி வாய்மொழியாகவும், இறுதியில் மனத்தளவிலும் இப்பகுப்பு நிகழும். எழுத்து அதற்குப் பின்னரே அறிமுகமாகும்.

இவ்வரிசைமுறைக்கு மொழியியற் காரணமும் உண்டு. உருசிய மெய்யொலியின் வன்மை மென்மையைப் பெரும்பாலும் அதனையடுத்து வரும் எழுத்தே காட்டுகிறது. ஆகவே எழுத்துகளைத் தனித்தனியே பெயர் சொல்லிக் கூட்டும் குழந்தை சொல்லை எட்டுவதில்லை. வரிவடிவிலிருந்து சொல்லின் ஒலிவடிவத்தை மீட்டுருவாக்குவதே வாசிப்பு என அவர் வரையறுத்தமை இதனால் விளங்கும். அவ்வகையில் ‘மாக்’ என்பதைத் தமிழில் எழுதினால் மூன்று ஒலிகள் ‘மா’, ‘க்’ என ஈரெழுத்தாகின்றன. மொழிமுதல், இடை, ஈறு என்னும் பாகுபாட்டினைக் குழந்தைக்குக் கற்பிக்கையில் உயிர்மெய்யினுள் அடங்கிய இவ்விரட்டை ஒலியைத் தனியே கருத வேண்டியுள்ளது.

1978இல் விளையாட்டின் உளவியல் குறித்த நூலினை வெளியிட்ட எல்கோனின் 1984இல் மறைந்தார். இன்று ஆங்கிலவழித் தொடக்கப் பள்ளிகளில் அக்கட்டங்கள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. அங்குப் பயிற்சிக் கருவியாக மட்டும் எஞ்சிய அவை, எழுத்துக்கு முன் ஒலியின் வரிசையை அறிதல் வேண்டும் என்னும் கோட்பாட்டின் புறவடிவமாகவே உருவாக்கப்பட்டவை.