அளவறிந்த வணக்கம்

இளமையில் விரும்பித் தோளேற்றும் சுமையின் எடை முதுமையில்தான் தெரியவரும். உலகக் காரியங்களில் மட்டுமன்று, வணக்க வழிபாட்டிலும் இவ்வுண்மை பொருந்தும் என்பதற்குத் தம் வாழ்வையே சான்றாக வைத்துச் சென்றவர்கள், ஹஜ்ரத் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள்.

எகிப்து நாட்டை வென்ற தளபதி அம்ரு இப்னு ஆஸ் (ரலி) அவர்களின் அருமை மைந்தர் இவர்கள். குறைஷிக் குலத்தின் ஸஹ்ம் கிளையில் தோன்றியவர்கள். தந்தையார் இஸ்லாத்தைத் தழுவியது ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் (கி.பி. 629). மைந்தரோ அதற்கு முன்பே சத்திய மார்க்கத்தில் இணைந்துவிட்டார்கள். தந்தை வாளால் பெயர் பெற்றார்கள். மைந்தர் எழுதுகோலால் பெயர் பெற்றார்கள்.

எழுதுகோல் ஏந்திய இளைஞர்

செவியுற்றதை நெஞ்சில் பதித்துக் கொள்வதே அரபு மக்களின் வழக்கமாயிருந்த அந்நாளில், அப்துல்லாஹ் அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டவற்றை எழுதி வைக்கலானார்கள். குறைஷியரில் சிலர் இதனை ஆட்சேபித்தனர். பெருமானார் மகிழ்ச்சியிலும் பேசுவார்கள், கோபத்திலும் பேசுவார்கள். அனைத்தையும் எழுதலாகுமா என்பது அவர்களுடைய ஐயம். அப்துல்லாஹ் அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு, அண்ணலாரிடமே இதனை எடுத்துரைத்தார்கள். அண்ணலார் தம் திருவாயைச் சுட்டிக்காட்டி, அதிலிருந்து உண்மையன்றி வேறெதுவும் வெளிவராது என்பதை உணர்த்தித் தொடர்ந்து எழுதப் பணித்தார்கள்.

இவ்வாறு சிறுகச் சிறுகச் சேர்ந்த ஏடே 'அஸ்ஸஹீஃபத்துஸ் ஸாதிகா' எனப் பெயர் பெற்றது. அதன் செய்திகள் அவர்களுடைய சந்ததியார் வழியாக வந்து, இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னத் முதலிய நூல்களில் இடம் பெற்றுள்ளன. ஹதீஸ்களை மிகுதியாக அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்களே, இத்துறையில் தம்மை மிஞ்சக்கூடியவர் அப்துல்லாஹ் ஒருவரே என்றும், அவர் எழுதி வைத்தார், தாம் எழுதவில்லை என்றும் கூறியிருக்கிறார்கள்.

மருமகளின் பதில்

எழுத்தில் நிதானம் காட்டிய இளைஞர், வணக்கத்தில் நிதானத்தை அறியவில்லை. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை, ஒவ்வோர் இரவிலும் திருக்குர்ஆன் முழுவதையும் ஓதி முடித்தல். இதுவே அவர்களது அன்றாட வாழ்க்கை.

தந்தையார் அவர்களுக்கு உயர்குடிப் பெண்ணொருத்தியை மணமுடித்து வைத்தார்கள். அவ்வப்போது மருமகளிடம் கணவரைப் பற்றி விசாரிப்பதும் உண்டு. அந்தப் பெண்மணி குறை கூறவில்லை. அவர் மிக நல்ல மனிதர் என்று பாராட்டிவிட்டு, தாம் வந்த நாள் முதல் அவர் தம் படுக்கையை மிதித்ததில்லை என்பதையும் நாணத்தோடு சொல்லி வைத்தார். அப்பாராட்டினுள் மறைந்திருந்த வேதனையை மாமனார் புரிந்து கொண்டார்கள். நாட்கள் கடந்தும் நிலைமை மாறாததால், செய்தியைப் பெருமானாரிடம் கொண்டு சென்றார்கள்.

பெருமானார் அளித்த சலுகை

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த இளைஞரைத் தேடி அவர்தம் இல்லத்திற்கே எழுந்தருளினார்கள் என்று ஓர் அறிவிப்பு கூறுகிறது. பேரீச்ச நார் நிரப்பிய தோல் தலையணையை அப்துல்லாஹ் அவர்கள் எடுத்து வைத்தார்கள். பெருமானாரோ அதில் அமராமல் தரையிலேயே அமர்ந்தார்கள். தலையணை இருவருக்கும் இடையே கிடந்தது. தீன் நெறியின் தலைவர் உபதேசம் செய்ய வந்து அமர்ந்த எளிமை இது!

இவ்வாறு இடைவிடாது நோன்பு நோற்று விழித்திருந்தால் கண்கள் குழிவிழும், உள்ளம் சோர்ந்துவிடும் என்று அண்ணலார் எச்சரித்தார்கள். உடலுக்கு உரிமை உண்டு; கண்ணுக்கு உரிமை உண்டு; மனைவிக்கு உரிமை உண்டு; வீடு தேடி வரும் விருந்தினருக்கும் உரிமை உண்டு என்று எடுத்துரைத்தார்கள். மாதத்தில் மூன்று நோன்பு போதும். நன்மை ஒன்றுக்குப் பத்தாக வழங்கப்படுவதால், அம்மூன்றும் மாதம் முழுவதும் நோற்றதற்கு ஈடாகும் என்றார்கள். திருமறையை மாதத்தில் ஒருமுறை ஓதி முடித்தால் போதும் என்றார்கள்.

இளைஞரின் உள்ளம் இதில் நிறைவு கொள்ளவில்லை. தம்மால் அதைவிட இயலும் என்று மீண்டும் மீண்டும் வேண்டினார்கள். பெருமானார் படிப்படியாக உயர்த்திக் கொண்டு வந்து, இறுதியில் நபி தாவூத் (அலை) அவர்களின் நோன்பில் நிறுத்தினார்கள். ஒருநாள் நோன்பு, மறுநாள் விடுப்பு. அதற்கு மேல் இல்லை. குர்ஆன் ஓதி முடிப்பதற்கு ஏழு இரவுகள் என வரையறுத்தார்கள். அத்துடன், அவர் நீண்ட காலம் வாழக் கூடும் என்பதையும் நினைவூட்டினார்கள். இரவில் எழுந்து தொழுது வந்து, பின்னர் அதனைக் கைவிட்டுவிட்ட ஒருவரைப் போல் ஆகிவிட வேண்டாம் என்றும் அறிவுறுத்தினார்கள். நாளைக்கும் நிலைக்கக் கூடியதா என்பதே இங்கு அளவுகோலாகிறது.

மூன்று இரவுகள்

மற்றொரு நிகழ்ச்சி. சுவனவாசி ஒருவர் இப்போது வருவார் என்று பெருமானார் மூன்று நாட்கள் கூற, மூன்று நாட்களும் அன்ஸாரித் தோழர் ஒருவரே, ஒளூச் செய்த நீர் தாடியில் சொட்ட, காலணிகளை இடக்கையில் ஏந்தி வந்தார். அவர் செய்யும் அமல் யாது என்று அறியும் ஆவலில், அப்துல்லாஹ் அவர்கள் ஒரு காரணம் சொல்லி அவர் வீட்டில் மூன்று இரவுகள் தங்கினார்கள். இரவு முழுதும் நின்று தொழுவதைக் காணலாம் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வியப்பே மிஞ்சியது. அவர் படுக்கையில் புரளும்போது இறைவனை நினைவு கூர்ந்தார். ஃபஜ்ருத் தொழுகைக்கு எழுந்தார். நல்லதையன்றி எதனையும் பேசவில்லை. அவ்வளவே.

விடைபெறும் வேளையில் காரணம் கேட்டபோது, கண்டதற்கு மேல் ஏதுமில்லை என்றார் அவர். திரும்பி நடந்தவர்களை மீண்டும் அழைத்து, எந்த முஸ்லிமிடத்தும் தமக்கு வஞ்சக எண்ணம் இல்லை, இறைவன் பிறருக்கு வழங்கியதைக் கண்டு பொறாமை கொள்வதும் இல்லை என்று கூறினார். நம்மால் இயலாதது இதுவே என்று அப்துல்லாஹ் அவர்கள் உணர்ந்து கொண்டார்கள்.

எளியவை இரண்டு

அப்துல்லாஹ் அவர்கள் அறிவித்துச் சென்ற ஹதீஸ்களிலும் இந்தப் பாடம் இழையோடுகிறது. ஒவ்வொரு செயலுக்கும் ஊக்கம் பொங்கும் காலம் உண்டு. அதன்பின் தளர்ச்சியும் உண்டு. தளரும் வேளையிலும் நபிவழியின் எல்லைக்குள் நிற்பவரே நேர்வழி பெற்றவர் என்ற கருத்தை அறிவித்தவர்கள் அவர்களே.

இலகுவானவை, ஆயினும் செய்வோர் சிலரே என்று பெருமானார் குறிப்பிட்ட இரு பழக்கங்களையும் அவர்களே அறிவிக்கிறார்கள். ஐவேளைத் தொழுகை ஒவ்வொன்றின் பின்பும் தஸ்பீஹ், தஹ்மீத், தக்பீர் ஆகியவற்றைப் பத்துப் பத்து முறை ஓதுதல் ஒன்று. உறங்கச் செல்கையில் அவற்றை நூறு முறை ஓதுதல் மற்றொன்று. நாவுக்கு இவை 250; மறுமையின் தராசிலோ 2500. இத்துணை எளியதை ஏன் பலர் செய்வதில்லை? தொழுகையில் ஷைத்தான் ஏதேனும் ஒரு காரியத்தை நினைவூட்டி எழுப்பி விடுகிறான். படுக்கையில் ஓதுமுன்பே தூங்க வைத்து விடுகிறான். பாறாங்கல்லைக் கண்டால் நாம் விலகி நடக்கிறோம். சிறு கல்லில்தான் கால் இடறுகிறது.

முதுமையில் எழுந்த ஏக்கம்

பெருமானார் மறைந்தது கி.பி. 632இல். அதன்பின் அரை நூற்றாண்டு காலம் அப்துல்லாஹ் அவர்கள் வாழ்ந்தார்கள். கி.பி. 657இல் ஸிஃப்பீன் களத்திற்குத் தந்தைக்குக் கீழ்ப்படிந்து சென்றும், போரிடாது விலகி நின்றார்கள். ஹிஜ்ரி 63 என்றும் 65 என்றும் கூறப்படும் மறைவு ஆண்டு வரை, இளமையில் கேட்டுப் பெற்ற அதே நோன்பையும் ஓதுதலையும் சுமந்தார்கள்.

முதுமை வந்தது, உடல் தளர்ந்தது. இரவில் ஓத வேண்டிய ஏழில் ஒரு பகுதியைப் பகலிலேயே வீட்டாரிடம் ஓதிக் காட்டி, இரவின் பாரத்தைக் குறைத்துக் கொண்டார்கள். வலிமை வேண்டிய போது சில நாட்கள் தொடர்ந்து நோன்பை விட்டு, அவற்றை எண்ணி வைத்து, பின்னர் அதே எண்ணிக்கையில் நோற்றார்கள். பெருமானாரைப் பிரியும்போது எந்த அமலில் இருந்தார்களோ அதனைக் கைவிட மனம் ஒப்பவில்லை. ஆயினும், அன்றே பெருமானாரின் சலுகையை ஏற்றிருக்கலாகாதா என்ற ஏக்கம் அவர்களுடைய நாவிலிருந்து எழுந்தது.

அவர்கள் அமலைக் கைவிடவும் இல்லை. தம் களைப்பை மறைக்கவும் இல்லை. பின்வரும் சமுதாயம் தன் அளவை அறிந்து கொள்ளட்டும் என்று போலும், இரண்டையும் நமக்குச் சொல்லிச் சென்றார்கள்.

ரமளான் பிறை கண்டதும் பள்ளிவாசல் நிறைகிறது. பெருநாள் கழிந்ததும் வரிசைகள் குறைகின்றன. முப்பது இரவும் விழித்த கண்கள், ஷவ்வாலில் ஃபஜ்ருக்கும் திறவாமற் போவதேன்? இயன்ற அளவைக் கடந்து ஏற்றியதை இறக்கி வைக்கும்போது, கூடவே இருந்ததையும் இறக்கி விடுகிறோம். நாளொன்றுக்கு ஒரு பக்கமேனும் திருமறை, உறங்குமுன் சில தஸ்பீஹ், உள்ளத்திலிருந்து ஒரு பகையை அகற்றுதல் என்று தொடங்குவோருக்கு, முதுமையிலும் அது பாரமாகாது. அல்லாஹ்விடம் மிக உவப்பான அமல், சிறிதாயினும் நிலையானதே. அந்த நிலைபேற்றை நம் அனைவருக்கும் அவன் அருள்வானாக! ஆமீன்.