கம்பத்தைத் தொட்டு நடந்த மேதை

லண்டன் வீதியிலே ஒரு பருத்த மனிதர் நடந்து போவார். ஓரத்தில் நிற்கும் கம்பங்களை ஒவ்வொன்றாகக் கையால் தொடுவார். ஒன்று தவறிவிட்டால் போச்சு! திரும்பி வந்து அதையும் தொட்ட பிறகுதான் மேலே நடப்பார். கூட வந்தவர்கள் காத்து நிற்க வேண்டியதுதான்.

வாசற்படி தாண்டுவதற்கும் கணக்கு உண்டு. இத்தனை எட்டு, இந்தக் கால்தான் முன்னே. கணக்குப் பிசகினால் பின்னால் போய் மறுபடி தொடங்குவார்.

ஹோகார்த் என்ற பிரபல ஓவியர், ஒரு நண்பர் வீட்டு ஜன்னலோரம் தலையை ஆட்டிக்கொண்டு நின்ற இவரைக் கண்டு, புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்றே முடிவு கட்டிவிட்டார். அந்த மனிதர் வாய் திறந்து பேசியதும் ஓவியர் அசந்து போனார்.

அவர்தான் டாக்டர் சாமுவேல் ஜான்சன். ஆங்கில மொழிக்குப் பேரகராதி செய்து தந்தவர்.

1709-ல் இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் புத்தக வியாபாரி. அவருக்கும் மனச்சோர்வு உண்டு. அதுவே தமக்கு வந்த பிதுரார்ஜிதம் என்று ஜான்சன் நம்பினார். முழுக்கத் தப்பில்லை. இத்தகைய நோய்களில் பரம்பரைக்கும் பங்கு உண்டு.

ஆக்ஸ்போர்டில் படிக்கப் போனார். பணம் இல்லாமல் 1729-ல் பாதியில் திரும்பினார். அந்த ஆண்டில்தான் வியாதி பலமாகப் பிடித்தது. வயது 20. ஓயாத பயம், எரிச்சல், சோர்வு. ஊர் மணிக்கூண்டைப் பார்த்து மணி சொல்லக்கூட முடியாமல் போகும். பயத்தை உதறப் பர்மிங்ஹாமுக்கு நடந்தே போய் நடந்தே வருவார். போகவர 30 மைல்!

தம் நிலைமையை லத்தீனில் விவரமாக எழுதி, ஞானத்தகப்பனான டாக்டர் ஸ்வின்ஃபெனுக்குக் கொடுத்தார். எழுத்தின் அழகில் மயங்கிய வைத்தியர் அதைப் பலரிடம் காட்டிவிட்டார். பாராட்டத்தான் காட்டினார். ஆனாலும் அது நோயாளியின் ரகசியம் அல்லவா? ஜான்சன் மனம் ஒடிந்தார். பழைய உறவு பிறகு ஏற்படவே இல்லை.

பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற பயம் ஆயுள் பூராவும் அவரை விடவில்லை. அந்தப் பயத்தோடுதான் 1746-ல் அகராதி வேலையில் இறங்கினார். உதவிக்கு ஆறு எழுத்தர்கள். 1755-ல் வெளிவந்தபோது அதில் 40,000-க்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன.

பைத்தியக்காரர் செய்யும் வேலையா அது? அவர் பழக்கங்களை ஆராய்ந்த பிற்கால வைத்தியர்கள், பதற்றத்தில் பிறக்கும் கட்டாயச் செயல் நோயும், உடம்பை உதறவைக்கும் டூரெட் என்ற நரம்புக் கோளாறும் இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

கட்டாய நோயில் நடப்பது என்ன? மூளையின் முன்பகுதிக்கும் ஆழத்திலுள்ள பகுதிகளுக்கும் இடையே ஓடும் நரம்புச் சுற்று அளவு மீறி வேலை செய்கிறது. ஏதோ தப்பு என்ற எச்சரிக்கை அடங்குவதே இல்லை. கதவு பூட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியும், மனம் ஒப்பாது. கம்பத்தைத் தொட்டால் சற்று நிம்மதி. அந்த நிம்மதியே பழக்கத்தை இன்னும் இறுக்கிவிடும்.

ஜான்சன் காலத்து வைத்தியர்கள் எதற்கும் ரத்தத்தை வடிப்பார்கள். 1966-ல் அதே லண்டனில் விக்டர் மேயர் என்ற நிபுணர் வேறு வழி காட்டினார். பயப்படும் பொருளின் அருகிலேயே நோயாளியை இருக்கச் செய்வது. ஆனால் வழக்கமான சடங்கைச் செய்யாமல் தடுப்பது. முதலில் பயம் ஏறும். பொறுத்திருந்தால் மெல்ல இறங்கும். கம்பத்தைத் தொடாமல் நடந்து பழகுவது போல! இன்று இந்தப் பயிற்சியும், மூளையில் செரொட்டோனின் என்ற பொருளின் மேல் வேலை செய்யும் மாத்திரைகளுமே முக்கிய சிகிச்சை.

ஜான்சனுக்கு இவை கிட்டவில்லை. மனிதர்கள் கிடைத்தார்கள். 1766-ல் அறையை விட்டு வெளியே வராமல் தவித்தவரை, பீர் ஆலை அதிபர் திரேல் தம்பதிகள் ஸ்ட்ரெத்தாமிலுள்ள தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போய் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே தேறினார்.

தனிமை என்றாலே அவருக்குக் கிலி. இரவில் நண்பர்களை லேசில் போகவிட மாட்டார். 1784-ல் காலமான அவர், தம் வீட்டையே ஒரு சத்திரம் போல வைத்திருந்தார். கண் தெரியாத ஓர் அம்மாள், ஓர் ஏழை வைத்தியர் என்று பலர் அங்கே தங்கினார்கள். டாக்டர் ஸ்வின்ஃபெனின் மகள் விதவையாகி நிர்க்கதியாக நின்றபோது, அந்த அம்மாளுக்கும் இடம் கொடுத்து, வாரம் அரை கினிப் பணமும் கொடுத்து வந்தார்.