கடல்மல்லையைக் கதையாக்கிய கல்கி

காஞ்சிக்கும் கடல்மல்லைக்கும் இடையே செங்கற்பட்டுப் பகுதியில் பயிலும் நமக்கு அமரர் கல்கி அயலார் அல்லர். நம் மண்ணை ஆண்ட பல்லவரை வீடுதோறும் அறிமுகப்படுத்திய பெருமை அவருக்கே உரியது.

இரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் அவர், 1899 செப்டம்பர் 9 ஆம் நாள் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். திருச்சியில் பயின்றவர், 1921-இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்றுப் பள்ளிப் படிப்பைத் துறந்தார். ஓராண்டுச் சிறைத்தண்டனையும் பெற்றார். திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் பயிற்சி பெற்று, 'ஆனந்த விகடனி'ல் புகழடைந்து, 1941-இல் சதாசிவத்துடன் 'கல்கி' இதழைத் தொடங்கினார்.

ரசிகமணி டி.கே.சி.யுடன் மாமல்லபுரக் கடற்கரையில் அமர்ந்திருந்த ஒரு பொழுதில் அவருள்ளத்தில் கருக்கொண்ட கதையே 'சிவகாமியின் சபதம்'. 1944 முதல் 1946 வரை தொடர்கதையாக வெளிவந்து, நான்கு பாகங்களாக விரிந்தது. மாமல்லன், புலிகேசி, கி.பி. 642-இல் வாதாபியின் வீழ்ச்சி ஆகியவை வரலாறு. சிற்பி ஆயனரும் சிவகாமியும் கற்பனை.

1999-இல் கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாயின. இன்று முழு நூலும் கிடைக்கிறது; சுருக்கப் பதிப்பும் கிடைக்கிறது. ஐந்து பாகங்கள் கொண்ட 'பொன்னியின் செல்வன்' 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு திரைப்படங்களுக்குள் அடங்கிற்று. கதை தெரிந்துவிட்டதே, முழுதும் படிப்பானேன் என்று நண்பர் சிலர் வினவுகின்றனர். நான்கு பாகங்களையும் படித்து முடித்த எனக்கு அக்கருத்தில் உடன்பாடில்லை. சுருக்கினால் காதலும் போரும் எஞ்சும். அஜந்தாவின் அழியா வண்ண இரகசியத்துக்காக ஆயனர் ஏங்கும் ஏக்கம் முதலில் கழிந்துவிடும். அந்த ஏக்கத்தை அறியாதவருக்கு, மகளைப் பிரிந்து அவர் படும் துயரத்தின் ஆழம் எங்ஙனம் விளங்கும்? வாரந்தோறும் காத்திருந்த வாசகருக்காக எழுதியவர் கல்கி. அந்த நிதானமே கதைமாந்தரை நம் உறவினராக்குகிறது. நீளம் அங்கே குறையன்று, கதையின் உயிர்.

1954 டிசம்பர் 5 ஆம் நாள், தம் ஐம்பத்தைந்தாம் வயதில் கல்கி மறைந்தார். எழுதிக்கொண்டிருந்த 'அமர தாரா' பாதியில் நின்றது. மகள் ஆனந்தி அதை நிறைவு செய்தார். தந்தை விட்ட கதையை முடிக்க ஒரு மகள் முன்வந்தாள் என்றால், அவர் முடித்துத் தந்த கதைகளை முழுமையாகப் படிப்பதேனும் நம் கடமையன்றோ?

நம் நூலகத்தை நாடுங்கள். திருக்கழுக்குன்றம் வழியே மல்லைக்குச் செல்லுமுன் நான்கு பாகங்களையும் படியுங்கள். கல்லில் உள்ளது எது, கல்கி படைத்தது எது என்று பிரித்தறியும் கண்ணோடு அச்சிற்பங்களைக் காணும் இன்பம், சுருக்கத்தில் கிட்டாது, தோழர்களே!