கணக்கில் ஏறாத நஞ்சு

அமெரிக்காவில் 1962 செப்டம்பரில் 'மௌன வசந்தம்' என்னும் நூல் வெளிவந்தபோது, தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் வேரூன்றத் தொடங்கியிருந்தது. நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. விதை, உரம், பூச்சிமருந்து, கடன் என அனைத்தையும் ஒருசேர வழங்கிய அதனை 'பேக்கேஜ் திட்டம்' என்றே அழைத்தனர். நூலை எழுதிய ரேச்சல் கார்சனைப் பற்றி அன்று நம் வயல்வெளிகளில் எவரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால், அவர் எழுப்பிய கேள்வி நமக்கும் உரியது.

பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் 1907 மே 27 அன்று எளிய குடும்பத்தில் பிறந்தவர் கார்சன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1932-இல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். வறுமையால் ஆராய்ச்சிப் படிப்பைத் தொடர முடியவில்லை. தந்தையும், பின்னர் தமக்கையும் மறைய, தாயையும் தமக்கையின் இரு மகள்களையும் காக்கும் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. அரசின் மீன்வளத் துறையில் பணியில் சேர்ந்து, இரவில் கடலைப் பற்றி எழுதினார். 1951-இல் வெளியான 'நம்மைச் சூழ்ந்த கடல்' அவருக்குப் புகழும் பொருளும் தந்தது. மறு ஆண்டே பணியைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார்.

கொசுவை ஒழிக்க விமானத்திலிருந்து டி.டி.டி. தெளிக்கப்பட்டதால் பறவைகள் மடிந்ததை 1958-இல் தோழி ஒருவர் கடிதத்தில் தெரிவித்தார். டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லித் திறனைக் கண்டறிந்தவருக்கு நோபல் பரிசு கிடைத்துப் பத்தாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. கார்சன் நான்கு ஆண்டுகள் உழைத்துச் சான்றுகளைத் திரட்டினார். இத்தகைய நஞ்சுகள் எளிதில் சிதைவதில்லை. நீரில் கரையாமல் கொழுப்பில் தங்குகின்றன. புழுவிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் செல்லச் செல்லச் செறிவு பெருகுகின்றன என்பதை எளிய நடையில் விளக்கினார். எல்லாப் பூச்சிமருந்துகளையும் தடைசெய்யுமாறு அவர் கோரவில்லை. விளைவை அறியாமலும், பாதிக்கப்படுவோரின் ஒப்புதலின்றியும் நஞ்சைப் பரப்புவதையே எதிர்த்தார்.

வேதித் தொழில்துறை அவர்மீது பாய்ந்தது. உணர்ச்சிவயப்பட்டவர் என்றும், அறிவியல் அறியாதவர் என்றும் ஏசியது. அப்போது மார்பகப் புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. எதிரிகள் அதனையும் ஆயுதமாக்குவர் என்பதால் நோயை மறைத்தே வாதாடினார். 1963 மே மாதம் அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு அவர் கருத்தை ஏற்கும் வகையில் அறிக்கை அளித்தது. 1964 ஏப்ரல் 14 அன்று, 56 வயதில் கார்சன் மறைந்தார். அமெரிக்கா 1972-இல் டி.டி.டி.யைத் தடைசெய்ததை அவர் காணவில்லை.

என் சிறுவயதில், நெல்வயலில் பி.எச்.சி. தூளை வெறுங்கையால் தூவுவது அன்றாடக் காட்சி. 'எண்ட்ரின்' என்னும் பெயரை ஊரார் அறிந்தது பூச்சியால் அன்று, தற்கொலைகளால். பிற்காலத்தில் பொருளியல் கற்பித்தபோது, ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பது ஏட்டில் ஏறியதையும், மண்ணிலும் நீரிலும் உடலிலும் சேர்ந்த நஞ்சு ஏறாததையும் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறேன். பொருளியலில் இதனைப் 'புறச்செலவு' என்போம். ஈட்டியவர் ஒருவர், செலுத்துபவர் வேறொருவர்.

அந்தச் செலவை அளந்தவர்களும் நம் அருகிலேயே இருந்தனர். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மைய அறிவியலாளர்கள், ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாருடன் இணைந்து வெள்ளாற்றுப் பகுதியில் ஆய்வு செய்தனர். வயலில் இட்ட பி.எச்.சி.யில் 99 விழுக்காட்டுக்கும் மேல் காற்றில் கலந்துவிடுகிறது என்று 1991-இல் வெளியான அவர்களது ஆய்வு கூறியது. வெப்பநாட்டில் ஆவியாகும் இவ்வகை நஞ்சு காற்றில் நெடுந்தூரம் சென்று குளிர்நாடுகளில் படிகிறது. தமிழ்நாட்டுத் தாய்மாரின் பாலிலும் பி.எச்.சி., டி.டி.டி. எச்சங்கள் இருந்ததை இதே கூட்டாய்வுகள் காட்டின. இந்தியா பி.எச்.சி.யை 1997-இல் தடைசெய்தது. நெடுங்காலம் நிலைத்திருக்கும் கரிம மாசுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் 2006-இல் இணைந்தது.

ஆயினும் வயலில் ஒரு கதவு அடைபட, நகரத்தில் மற்றொன்று திறந்துகிடக்கிறது. பி.வி.சி. கலந்த குப்பை எரியும்போது டையாக்சின் பிறக்கிறது. சென்னை பெருங்குடிக் குப்பைமேட்டைச் சுற்றி வாழ்ந்த தாய்மாரின் பாலில் டையாக்சின் மிகுந்திருந்ததையும், அங்கு மேயும் மாடுகளின் பால் அதற்கு வழியாகியிருக்கலாம் என்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். தஞ்சையிலும் கும்பகோணத்திலும் வளரும் குழந்தைகளுக்கு இந்த நிலை வரக்கூடாது.

நகராட்சிகள் குப்பை எரிப்பதை முற்றிலும் நிறுத்த வேண்டும். படுகையின் மண், வாய்க்கால் வண்டல், மீன், பால் ஆகியவற்றில் இந்நஞ்சுகளின் அளவை ஆண்டுதோறும் சோதித்து, முடிவுகளைத் தமிழில் மக்கள்முன் வைக்க வேண்டும். நெல் கொள்முதல் கணக்கை நாள்தோறும் வெளியிட இயலும் அரசுக்கு இது பெருஞ்சுமையன்று. தம் உடலில் என்ன சேர்கிறது என்பதை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்பதற்காகவே கார்சன் தம் இறுதி ஆண்டுகளைச் செலவிட்டார். அந்த உரிமை காவிரிக் கரையில் வாழ்வோருக்கும் உரியது.