ஓதிய பின் பாடிய குணங்குடியார்

சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒரு நாள் மாலை, வில்லியனூர் சுல்தான்பேட்டையிலிருந்து வயதான தாயார் ஒருவர் பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக் கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அட்டை போய், ஓரங்கள் செல்லரித்த புத்தகம். அவர்களுடைய மாமனார் காலத்தில் வெள்ளி இரவுகளில் வீட்டில் பாடப்பட்டதாம். இப்போது மகன் அதை எடுத்து வைத்துக் கொண்டு இரவெல்லாம் பாடுகிறானாம். ஐங்காலத் தொழுகையை விட்டுவிட்டானாம். கேட்டால், மஸ்தான் சாஹிபு தொழுதா வலியானார் என்று திருப்பிக் கேட்கிறானாம். இந்தப் புத்தகம் வீட்டில் இருக்கலாமா, இல்லை கிணற்றில் போட்டு விடலாமா என்பது அந்தத் தாயாரின் கேள்வி.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குணங்குடி மஸ்தான் சாஹிபு (ரஹ்) அவர்களின் பெயரைக் கேட்டாலே நம் ஆலிம்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். வேறு சிலர் கண் கலங்குவார்கள். இரு சாராரும் அன்னாருடைய பாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள்; வாழ்வைப் பற்றிப் பேசக் காணோம். தாயாரின் கேள்விக்குரிய பதிலோ அவ்வாழ்விலேயே இருக்கிறது. நேயர்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழக்கூடும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

இராமநாதபுரம் சீமையில் தொண்டி என்பது பழம் பெரும் துறைமுகம். அதற்கு வடமேற்கே பத்துக் கல் தொலைவில் உள்ள குணங்குடி என்னும் சிற்றூரில், 1792-ஆம் ஆண்டில், நயினார் முஹம்மது – பாத்திமா தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார்கள். பெற்றோர் இட்ட பெயர் சுல்தான் அப்துல் காதிர். கௌதுல் அஃழம் அவர்களின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அக்காலத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பெரு வழக்கம். அந்தப் பெயர் பின்னாளில் இவர்களுடைய வாழ்வையே தன் பக்கம் இழுத்துக் கொண்டது.

மார்க்கக் கல்விக்காகக் கீழக்கரைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே தைக்கா சாஹிபு என்று மக்கள் அன்போடு அழைத்த ஷைகு அப்துல் காதிர் லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களிடம் ஓதினார்கள். இந்த இடத்தில் நேயர்கள் சற்று நிற்க வேண்டும். கீழக்கரையில் ஓதுவது என்றால் குர்ஆனைத் திருத்தமாக ஓதுவதும், அரபு இலக்கணமும், ஷாபிஈ ஃபிக்ஹும், அதன் பிறகே தஸவ்வுஃபும் ஆகும். ஒளூவின் ஃபர்ளுகள் எத்தனை என்று தெரியாதவனுக்கு ஃபனா, பகா பற்றிச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் அங்கே கிடையாது. அதே தைக்கா சாஹிபு அவர்களின் மாணவராகவும் மருமகனாகவும் பின்னர் வந்தவர்கள்தாம் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898). ஃபிக்ஹுச் சட்டங்களை நம் பெண்மக்களும் படித்து அறியும்படி அரபுத் தமிழில் எழுதி வைத்த அந்த மகான் நடந்த வாசற்படியில் நம் குணங்குடியாரும் நடந்தவர்கள். ஷரீஅத்தை அறியாத பரதேசி ஒருவர் திடீரென்று பாட ஆரம்பித்தார் என்று எண்ணிக் கொண்டிருப்போருக்கு இச்செய்தி புதியதாக இருக்கலாம்.

பதினேழு வயதில் வீட்டார் மணம் பேசினார்கள். பெண் தாய்மாமன் மகள் மைமூன். சொந்தம், பழகிய வீடு, மறுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் இளைஞர் சம்மதிக்கவில்லை; உலக வாழ்வையே துறந்து புறப்பட்டு விட்டார்கள்.

இதை எழுதும்போது என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. துறவு நம் மார்க்கத்தின் நெறியன்று. பெருமானார் (ஸல்) அவர்களின் வணக்கத்தைக் கேட்டறிந்த மூன்று தோழர்களில் ஒருவர் இரவெல்லாம் தொழுவதென்றும், ஒருவர் ஓயாது நோன்பிருப்பதென்றும், ஒருவர் மணமே முடிப்பதில்லை என்றும் உறுதி எடுத்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் மூவரையும் திருத்தி, நிக்காஹ் தம் வழிமுறை என்பதை விளங்க வைத்தார்கள். ஆகவே குணங்குடியாரின் இச்செயலைக் காட்டி எந்த இளைஞனும் தன் கடமையைத் தட்டிக் கழிக்க இடமில்லை. அதே சமயம், நம் மதரஸாக்களில் பாடமாக ஓதப்படும் மின்ஹாஜை எழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்களும் மணம் செய்யாமலே ஹிஜ்ரி 676-ல் மறைந்தார்கள். இல்மில் மூழ்கிக் கிடந்த அவர்களை யாரும் குறை கூறுவதில்லை. சிலருடைய நிலை அவர்களுக்கே உரியது. அதைப் பின்பற்றுவது நம்மேல் கடமையாகாது. மைமூன் என்ற அந்தப் பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்கள் பெயர் சரித்திரத்தில் ஒரே ஒரு வரியில் வந்து போகிறது. எனக்கு அந்த வரியைக் கடக்கும் போதெல்லாம் மனம் கனக்கிறது.

1813-ல் திருச்சிராப்பள்ளி சென்று மௌலவி ஷாம் சாஹிபு (ரஹ்) அவர்களிடம் பைஅத் பெற்றார்கள். இங்கும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வீட்டை விட்டு வந்தவர் நேரே காட்டுக்குப் போய்விடவில்லை. மௌலவி ஒருவரைத் தேடிச் சென்று கைகொடுத்தார்கள். பின்பு மதுரைக்கு அருகே திருப்பரங்குன்றத்தில் உள்ள சிக்கந்தர் மலையில் நாற்பது நாட்கள் கல்வத் இருந்தார்கள். கல்வத் என்பதைச் சும்மா தனியே உட்கார்ந்திருப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். ஷைகின் அனுமதி பெற்று, ஃபர்ளான தொழுகைகளை நேரம் தவறாமல் நிறைவேற்றி, உணவையும் உறக்கத்தையும் பேச்சையும் குறைத்து, திக்ரில் இருப்பதற்குப் பெயர்தான் கல்வத். தொழுகையை விட்டவனுக்குக் கல்வத் இல்லை.

அதன்பின் அறந்தாங்கிக்கு அருகில் கலகம் என்ற ஊரில் ஆறு மாதங்கள். தொண்டியில் மாமன் வீட்டாரின் வாழைத்தோப்பில் நான்கு மாதங்கள். சதுரகிரி, ஆனைமலை, நாகமலை என மலைகளிலும் காடுகளிலும் சில ஆண்டுகள். எந்த மாமன் வீட்டில் மணம் வேண்டாம் என்று சொன்னார்களோ அந்த ஊருக்கே திரும்பி வந்து தங்கினார்கள் என்பது பலர் கண்ணில் படாத செய்தி. சொந்த பந்தத்தைப் பகைத்துக் கொண்டு போனவர் அல்லர் என்பதற்கு அதுவே போதும். குப்பை மேடுகளில் படுத்தார்கள், கந்தையை உடுத்தார்கள். மஸ்த் என்றால் பாரசீகத்தில் போதை. இறைக் காதலால் தன்னிலை மறந்தவர் என்று கண்ட மக்கள் மஸ்தான் என்று அழைக்க, அதுவே பெயராயிற்று.

கடைசியில் சென்னைப் பட்டணம் வந்து சேர்ந்தார்கள். அக்காலத்து இராயபுரம் இன்றுள்ளதைப் போல நெருக்கமான ஊரன்று. பட்டணத்துக்கு வடக்கே முட்புதர் மண்டிய கடலோரப் பகுதி. பாவா லெப்பை என்பவருக்குச் சொந்தமான நிலத்தில் தங்கினார்கள். முதலில் பைத்தியக்காரர் என்று ஒதுங்கிப் போனவர்கள் பின்பு தேடி வரலாயினர். தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் தொண்டியார் என்று அழைத்தார்கள் என்றும், அதிலிருந்தே தண்டையார்பேட்டை என்ற பெயர் வந்தது என்றும் அப்பகுதி மக்கள் சொல்லி வருகிறார்கள்.

தேடி வந்தவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்லர். ஐயாசாமி முதலியார் அவர்களுக்குச் சீடரானார். திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அக்காலத்துப் பெரும்புலவர். 1830-ல் திருக்குறளை அச்சில் பதிப்பித்தவர். அப்பேர்ப்பட்டவர் நம் குணங்குடியார் மீது நான்மணிமாலை பாடினார். தமிழைத் தொழிலாகக் கொண்ட புலவர், கந்தையுடுத்த ஒரு முஸ்லிம் பக்கீரைப் புகழ்ந்து ஒரு பிரபந்தமே பாடுவது என்றால், அந்த நாவில் வந்த தமிழ் எத்தகையது என்று நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இனிப் பாடல்களுக்கு வருவோம். பராபரக்கண்ணி, றகுமான்கண்ணி, மனோன்மணிக்கண்ணி, முஹ்யித்தீன் சதகம், அகத்தீசர் சதகம் என்று பல தலைப்புகளில் பாடியிருக்கிறார்கள். இரண்டிரண்டு அடிகளாக வரும் கண்ணி என்பது எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்டு மனத்தில் இருத்திக் கொள்ளக்கூடிய வடிவம். தாயுமானவர் பாடிய அதே முறையில், தம் சிறுமையை எண்ணி இறைவனிடம் முறையிடும் பாடல்கள் அவற்றில் மிகுதி. வயலில் வேலை செய்பவரும் கப்பலோட்டியும் பாடும்படி உயர்ந்த தத்துவத்தை இறக்கிக் கொடுத்தார்கள்.

சிக்கல் வருவது மனோன்மணிக்கண்ணியிலும் அகத்தீசர் சதகத்திலும்தான். மனோன்மணி என்பது சித்தர் தமிழில் வழங்கும் சொல். அகத்தீசரோ சித்தர்களின் தலைவர். ஓர் ஆலிம் இந்தப் பெயர்களை எடுத்துப் பாடலாமா என்று கேட்கிறார்கள். அரபியில் இப்னுல் ஃபாரிள் (ரஹ்) போன்ற சூஃபிக் கவிஞர்கள் லைலா என்ற காதலியை அழைத்துப் பாடினார்களே, அங்கே லைலா என்பது ஒரு பெண்ணா? அரபு நாட்டில் லைலா செய்த வேலையைத் தமிழ் நாட்டில் மனோன்மணி செய்தாள் என்பது என் கருத்து. இருந்தாலும் அப்பாடல்களைச் சிறு பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்க நான் சொல்ல மாட்டேன். குறியீட்டை நேர்பொருளாக எடுத்துக் கொள்ளும் வயது அது. பெரியவர்களிலும் அந்த வயதைத் தாண்டாதவர்கள் உண்டு.

முஹ்யித்தீன் சதகத்தைப் பாருங்கள். யாரை அழைத்து நூறு பாடல்கள் பாடுகிறார்கள்? பக்தாதில் மதரஸா நடத்தி, ஹன்பலி ஃபிக்ஹைக் கற்பித்து, ஹிஜ்ரி 561-ல் மறைந்த ஷைகு அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களை அழைத்து! அவர்கள் எழுதிய குன்யாவைத் திறந்தால் முதலில் தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ்ஜின் சட்டங்களைத்தான் காண்கிறோம். அந்த வாசலில் நின்று நூறு முறை கூப்பிட்டவர் தொழுகையை இகழ்ந்திருப்பார் என்று சொல்வது அவர்கள் மீது கூறும் அவதூறு.

இதைத்தான் அந்தத் தாயாரிடம் சொன்னேன். புத்தகத்தைக் கிணற்றில் போட வேண்டாம். மகனை என்னிடம் அனுப்புங்கள் என்றேன்.

ஹிஜ்ரி 1254 ஜமாதுல் அவ்வல் 14, அதாவது 1838 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை வைகறையில் குணங்குடியார் மறைந்தார்கள். பிறை ஆண்டுக் கணக்கில் வயது நாற்பத்தேழு. தங்கியிருந்த அதே இராயபுரத்து மண்ணில் அடக்கமானார்கள். கையால் ஒரு செங்கல்லும் எடுத்து வைக்காதவர் பெயரில் இன்று அங்கே தர்கா இருக்கிறது. நான் போனபோது அசர் நேரம். முதியவர் ஒருவர் வெளித் திண்ணையில் பராபரக்கண்ணியை மெல்லப் பாடிக் கொண்டிருந்தார்; பாங்கு கேட்டதும் நிறுத்திவிட்டு ஒளூவுக்கு எழுந்து போனார்.

சுல்தான்பேட்டைத் தாயாரின் புத்தகத்தைப் புதுச்சேரியில் கொடுத்துப் பைண்டு செய்து திருப்பிக் கொடுத்தேன். மகன் இன்னும் ஃபஜ்ருக்கு வருவதில்லை. மஃரிபுக்கு வருகிறான். வந்த முதல் நாள், தொழுகை முடிந்ததும் என் அருகில் உட்கார்ந்து, முஹ்யித்தீன் சதகத்தில் ஓர் அரபுச் சொல்லுக்குப் பொருள் கேட்டான்.